அத்தை வாய் திறந்த நாள்

அந்தச் சின்ன மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. ராயபுரத்தில் ஒரு பல் மருத்துவமனை. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டிருந்தன.

அத்தை என் அப்பாவின் தங்கை. வண்ணாரப்பேட்டையில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். கல்யாணப் பட்டு எடுக்க வரும் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிப்பாள். பள்ளி விட்டு நான் போனால், பிரித்துப்போட்ட புடவைகளுக்கு நடுவே உட்காரவைத்து முறுக்கு வாங்கித் தருவாள். யாருக்கும் அஞ்சாத அவள், பல் டாக்டர் என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள். பல் வலித்தால் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டே பல வருடங்களை ஓட்டினாள். கடைசியில் தாடை வீங்கிக் காய்ச்சலும் வந்தபிறகுதான் என்னோடு ஆட்டோவில் ஏறினாள்.

சீழ் அடங்க மருந்து கொடுத்த டாக்டரம்மா, பல்லை எடுத்தே ஆகவேண்டும், விட்டால் கழுத்துக்கு இறங்கிவிடும் என்றார். நாற்காலி சாய்ந்ததுமே அத்தை எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். டாக்டரம்மா கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பயம் குறைய வழிகள் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். மூக்கில் மூடி வைத்து வாயு கொடுக்கலாம். கை நரம்பில் மருந்து ஏற்றலாம், அதற்கு மயக்க மருந்து டாக்டர் வரவேண்டும். இல்லையென்றால் ஒரு மாத்திரை. மரத்துப்போகும் ஊசி எப்படியும் உண்டு.

"மூக்குல ஒண்ணியும் வெக்காதீங்கம்மா. நரம்புல ஏத்தி நெனவு தப்பிச்சின்னா இன்னா பண்றீங்கன்னே தெரியாது. மாத்திரயே குடுங்க. ஆனா நடுவுல போதும்னு தோணிச்சின்னா?"

"இடது கையத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க" என்றாள் அத்தை.

வரச்சொன்ன நாளில் மாத்திரையை விழுங்கிவிட்டு, என் பக்கத்தில் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் தளர்ந்தது.

"நா சின்னப் பொண்ணா இருக்கசொல்ல, நாலு பேரு அமுக்கிப் புடிச்சித்தான் பல்ல புடுங்குனாங்க. வாயத் தொறக்கலன்னு மூக்க மூடிட்டாங்க. என் கையப் புடிச்சிக்கினு இருந்தது உங்க அப்பன்தான். வுடுண்ணா, வுடுண்ணான்னு கத்தறேன். வுடல. அவனும் அழுதுகினேதான் புடிச்சிக்கினு இருந்தான்."

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

உள்ளே நான் அவள் கால்மாட்டில் நின்றேன். குறடு பல்லைத் தொட்டதும் இடது கை எழுந்தது. டாக்டரம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். கை இறங்கியது. மறுபடி தொட்டார், மறுபடி கை எழுந்தது. வலியால் அல்ல, நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் நிறுத்தினார். அதற்குப்பின் அந்தக் கை மடியிலேயே கிடந்தது. பல் வந்துவிட்டது.

ஆட்டோவில் திரும்பும் வழியில், காசிமேட்டுக் காற்றில், வாயில் பஞ்சோடு அத்தை என் தோளில் சாய்ந்திருந்தாள். எனக்கு அப்பாவின் சாயல் என்பார்கள்.

"அண்ணா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "கையத் தூக்குனதும் வுட்டுட்டாங்கண்ணா."

"சரிம்மா" என்றேன்.

இப்போது எண்ணூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பல் டாக்டரிடம் தானே போய் வருகிறாள். அன்று பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை; அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டாம். "எதனா ஒளறிட்டேனாடா?" என்று ஒருமுறை கேட்டாள். "இல்ல அத்த, தூங்கிக்கினுதான் வந்த" என்றேன். அப்பா இருந்திருந்தால், ஆட்டோவில் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்.