ஆனி மாதத்தில் கண்ணனூர்க் கடல்மேட்டில் இரண்டு மைல்

பங்குனியில் ரங்கூனிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையில் ஆவாரம்பட்டைத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள மேஸ்திரி வேண்டுமாம். குடும்பத்தோடு கப்பலேறி வந்தால் வீடு தருவார்கள். ஆடி பிறப்பதற்குள் பதில் எழுதவேண்டும். ஆம்பூரில் பதினோரு வருஷமாக அதே தொட்டி, அதே நாற்றம் என்று கிடப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று முதல் எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும்.

கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் மனைவி கன்னியம்மாள், "நான் கடலயே பாத்ததில்லயே" என்றாள். போச்சு! என் ஆசையில் மண் விழுந்துவிட்டது என்று அன்றே முடிவு கட்டினேன். "இன்னா பண்றது, வூட்ல பயப்படறாங்க" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் ஒரு யோசனை வந்தது. கடலை மெதுவாக, அழகாக, பத்திரமான உயரத்திலிருந்து காட்டிவிட்டால் இவள் பயம் தெளிந்துவிடாதா?

சென்னைப்பட்டணம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அங்கே மணலில் நின்றுதான் பார்க்கவேண்டும். அலை ஒன்று காலைத் தொட்டால் போதும், அலறிவிடுவாள் என்று நினைத்தேன். ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளும் சின்னப்பன் என் தோஸ்த். மங்களூர் வரைக்கும் தெரிந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன்.

"மலையாளத்துல கண்ணனூர் போப்பா. கடலோரம் செம்பாறை மேடு. ஒத்தையடிப் பாதை, ரெண்டு மைலு. கடலு கீழ, நாம மேல. கொழந்தகூட நடக்கும்" என்றான்.

அடுத்து, எந்த மாதம் போவது என்ற கேள்வி. பயணத்துக்கு மாதம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்போது நினைப்பு. எங்கள் ஊரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. கொடியில் போட்ட தோல் காயாமல் உயிரை வாங்கும். ஆனியில் அந்தப் பேஜாரே கிடையாது, காலையில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். ஆகவே ஆனி! முதலாளியிடம் கெஞ்சி நாலு நாள் லீவு வாங்கினேன். குடை எதற்கு என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். படிக்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

ஆம்பூரில் மாலை ஐந்தரைக்குப் பாசஞ்சர். ஒரு மணி நேரத்தில் ஜோலார்பேட்டை. அங்கே புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மங்களூர் வண்டி ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஏழு ரூபாய் ஆறணா. விடிந்து போத்தனூர் தாண்டியதும் வானம் கறுத்தது. ஒலவக்கோட்டில் தூறல். அதற்கப்புறம் கொட்டிய மழை கண்ணனூர் வரை நிற்கவேயில்லை. "ஆனியில மழயா?" என்று எதிரே இருந்தவரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பக்கம் ஆனி, ஆடிதான் அடைமழையாம்.

ஒரு மணி சுமாருக்கு இறங்கிச் சத்திரத்தில் தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடலோரக் கோட்டை வரை குதிரைவண்டி, நாலணா. வண்டிக்காரர் பாதித் தமிழ், பாதி மலையாளம்.

"ஈ மழயில கடல் காணவோ? ஆரு சொல்லி?"

"திரும்பிடலாமா?" என்றேன் கன்னியம்மாளிடம்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு இன்னாத்துக்குத் திரும்பறது?" என்று இறங்கிவிட்டாள்.

கோட்டைக்கு வடக்கே பாதை தொடங்குகிறது. வலப்பக்கம் தென்னந்தோப்பு, இடப்பக்கம் முப்பது நாற்பது அடிக்குக் கீழே கடல். கடலா அது! சேற்று நிறத்தில் எழும்பி எழும்பிப் பாறையில் மோதியது. ஒவ்வொரு அடிக்கும் காலடியில் தரை அதிர்ந்தது. தண்ணீர் மேலே வரை தெறித்து என் வாயில் உப்புக் கரித்தது. அரை மைல் போவதற்குள் நான் நின்றுவிட்டேன். ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவளோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே போய், நின்று, பார்த்து, சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா ஜோரா இருக்குது! ரெண்டு மைலுன்னீங்களே, வாங்க."

"இது மேலதான் கப்பல் போவும், தெரியுமா?" என்றேன். அவளைப் பயமுறுத்தத்தான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

"அதான் பாத்தாச்சே. பதில் எழுதிடுங்க, நான் வர்றேன்."

இந்த வார்த்தைக்காக மூன்று மாதம் தவித்தவன், "அவசரம் ஒண்ணும் இல்ல, ஊருக்குப் போய் யோசிக்கலாம்" என்று இழுத்தேன்.

அவள் என் எதிரே குந்தி உட்கார்ந்தாள். "கடல் பாத்ததில்லன்னுதான் சொன்னேன். வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்? எனக்கு பயம்னு ஊரெல்லாம் சொல்லினு இருந்தீங்க. நானும் போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன்."

அலை ஒன்று மோதிச் சிதறியது.

"சொல்லுங்க. இங்க யாரு கேக்கப் போறாங்க?"

"பயமா இருக்குது, கன்னியம்மா."

"எனக்குந்தான். அதுக்கு இன்னா இப்போ?" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மீதி ஒன்றரை மைலையும் நடந்தே முடித்தோம். நான் தென்னந்தோப்பு ஓரமாக, அவள் கடல் ஓரமாக. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மத்தியானமே தபாலாபீசில் பதில் எழுதிப் பெட்டியில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கும்வரை அவள் பக்கத்தில் நின்றாள்.

நீங்கள் போவதானால் மார்கழி, தையில் போங்கள். பாதை காய்ந்திருக்கும், கடலும் சாதுவாக இருக்கும் என்கிறார்கள். ஊருக்கு வந்ததும், "மழைன்னு சொல்லக்கூடாதா?" என்று சின்னப்பனிடம் சண்டைக்குப் போனேன். "எந்த மாசம்னு நீ எங்க கேட்ட?" என்றான். ஆகவே மாதத்தைச் சொல்லி விசாரியுங்கள். தோல் செருப்பு வேண்டாம். தோல்காரன் சொல்கிறேன், நனைந்தால் வழுக்கும், வெறுங்காலே மேல். சத்திரத்தில் மத்தியானத்துக்குள் போய்விட்டால் நல்ல அறை கிடைக்கும்.

தையில் வந்து சேரச் சொல்லி ரங்கூனிலிருந்து எழுதிவிட்டார்கள். கன்னியம்மாள் மூட்டை கட்டியாயிற்று. நான் மூன்று தடவை கட்டி மூன்று தடவை பிரித்துவிட்டேன். "இன்னாப்பா, வூட்ல ஒத்துகினாங்களா?" என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள். "அவ எப்பவோ ஒத்துகினா, பயந்தது நான்தான்" என்கிறேன். சொல்லும்போது இன்னும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.