ஐந்து நாற்காலிக்கு ஒரு அம்மாள்

போன ஞாயிறு மாலை ஸ்ரீரங்கத்தில் ஒரு கச்சேரி. அமெரிக்க நாட்டுப்புற இசை! எங்கள் சபா செயலாளர் ரங்கராஜன் சார் நோட்டீஸில் ‘ஐவர் குழு’ என்று போட்டிருந்தார். மேடையில் ஐந்து நாற்காலி, ஐந்து மைக். தாம்பாளத்தில் ஐந்து பொன்னாடை.

காரிலிருந்து இறங்கியது ஒரே ஒரு அம்மாள். பெயர் எலன், ஐம்பது வயதிருக்கும். கூடவே சின்னதும் பெரியதுமாக ஐந்து பெட்டிகள்...

என்ன நடந்தது? பான்ஜோ, மாண்டலின், வயலின், கிட்டார், மவுத் ஆர்கன் என்று எலன் இமெயிலில் எழுதியிருக்கிறார். நம் கச்சேரிகளில் வாத்தியத்துக்கு ஓர் ஆள்தானே? சார் அப்படியே எண்ணிவிட்டார்.

“நாலு சேரை எடுத்துடலாம்ங்க, ரெண்டு நிமிஷம்” என்று பதறினார். மொழிபெயர்க்க அகப்பட்டவன் நான்.

விஷயத்தைக் கேட்டு எலன் சிரிக்கவில்லை. இருபது வருஷம் அடுத்தவர்கள் குழுக்களில் ஓரமாக நின்று இந்த ஐந்தையும் வாசித்தவராம். ஆல்பத்தின் பின்னட்டையில் பொடி எழுத்தில் பெயர். தனியாகக் கிளம்பி இரண்டு வருஷம்தான். பாதியிலேயே ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள். இந்தப் பயணத்திலும் அப்படியானால் பழைய குழுவுக்கே திரும்பிவிடுவதாக இருந்தார்.

எனக்குத் திக்கென்றது. நாமோ தனி ஆவர்த்தனம் தொடங்கினால் காபிக்கு எழுந்து போகிறவர்கள். நானும்தான்.

நாற்காலிகள் அப்படியே இருக்கட்டும் என்றார் எலன்.

முதல் நாற்காலியில் பான்ஜோ. எழுந்தார், அடுத்ததில் மாண்டலின். மூன்றாவதில் வயலினை மார்பில் சாய்த்து, மெதுவாகத் தொடங்கிச் சட்டென்று வேகமெடுத்தார். முன்வரிசை வயலின் டீச்சர் விசிறுவதை நிறுத்திவிட்டார். நான்காவதில் கிட்டார், கூடவே பாட்டு. ஐந்தாவதில் மவுத் ஆர்கன் — உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதிலிருந்து ஒரு ரயில் கிளம்பி கொள்ளிடம் பாலத்தைக் கடந்து போனது! மெய்சிலிர்த்தது என்று எழுதினால் பழசாக இருக்கும். ஆனால் அதுதான் நடந்தது.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கேன்டீன்காரரே அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

ரங்கராஜன் சார் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். கொஞ்சம் யோசித்தார். மிச்சம் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினார். “ஐவர் குழுன்னுதாங்க போட்டிருந்தேன். சரியாத்தான் இருக்கு” என்றார் மைக்கில். அதை அப்படியே எலனுக்கு மொழிபெயர்த்தேன்.

காரில் ஏறும்போது எலன் ஒன்றே ஒன்று கேட்டார். அடுத்த கச்சேரி மதுரையில். அங்கேயும் ஐந்து நாற்காலி போடச் சொல்ல முடியுமா?

சொல்லிவிட்டேன். பொன்னாடையும் ஐந்து என்று நானே சேர்த்துக்கொண்டேன்.