ஒன்றே முக்கால் அங்குலம்

இடது கை கார்க் துண்டைப் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. வலது கையில் இருந்த கத்தி பென்சில் கோட்டின் மேல் போகாமல், ஒரு மயிரிழை வெளியே தள்ளி வளைந்து போனது. கோட்டின் மேலேயே வெட்டினால் உப்புத்தாள் தேய்க்கும்போது அளவு உள்ளே போய்விடும். வெட்டி முடித்ததும் அந்தக் கை கத்தியை வைத்துவிட்டு, கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தது. குதிகால் பக்கம் வந்ததும் விரல் நின்றது. கை மறுபடி கத்தியை எடுத்தது.

"நாலாவது வாட்டி எடுக்கிறீங்க அந்தக் கத்திய" என்றாள் சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற மனைவி அம்மணி. "டீச்சருக்குச் செருப்பு தைக்கிறீங்களா, கோயிலுக்குச் சிலை செதுக்கிறீங்களா?"

சவுரிராயன் குதிகால் ஓரத்தில் இன்னொரு மயிரிழையைச் சீவினார். பேசினால் கை நடுங்கும் என்று நினைப்பவர்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே, பழக்கடைக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவில் அவருடைய கடை. அவர் அப்பா அதே இடத்தில் வார் செருப்பு தைத்தார். மகன் தைக்கிற செருப்பு வேறு மாதிரி. சவுரிராயனுக்கு இருபத்தாறு வயதானபோது, ஒரு கால் குட்டையான லாரி டிரைவர் ஒருத்தர் சென்னையில் செய்த உயரச் செருப்பின் தையல் விட்டுப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார். விட்ட தையலை மட்டும் போட்டிருந்தால் கால் மணி நேர வேலை. சவுரிராயன் டிரைவரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, செருப்பு முழுவதையும் பிரித்தார். ஒவ்வொரு துண்டையும் தாளில் வைத்து வரைந்து, எது எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று எண் போட்டு, திரும்ப அதே மாதிரி தைத்தார். அதுதான் அவர் படித்த படிப்பு. இப்போது ஐம்பத்து மூன்று வயது. ஒலக்கூரிலிருந்தும் காணையிலிருந்தும்கூட, ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் அளவு ஒத்துப்போகாதவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள்.

ஒலக்கூர்ப் பக்கத்து அங்கன்வாடி டீச்சர் அருணா அப்படித்தான் வந்தாள். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் ஒன்றே முக்கால் அங்குலம் குட்டை. பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் செருப்பு அவர்தான். வகுப்பறைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான செருப்பு. இந்த டிசம்பரில் வந்தபோது அவள் கேட்டது வேறு.

"அண்ணா, காணும் பொங்கலுக்கு எங்க அண்ணன் வேன் எடுக்கிறார். காலையில கழுவெளியில பறவை, அப்புறம் திருவக்கரை கல்மரம், தளவானூர் குகை, சாயங்காலம் பனமலை."

"நல்லாப் போய்ட்டு வாங்க டீச்சர்."

"எங்க போறது? செஞ்சிக்குப் போனப்போ வேன்ல இருந்தேன். ஏற்காடு போனப்போவும் வேன்லதான். எங்க அண்ணி நல்லவங்க. ஆனா வண்டி நின்னதும், 'அருணாதான் இருக்கால்ல, பையெல்லாம் வெச்சுட்டு வாங்க'ன்னு சொல்லுவாங்க. அங்கன்வாடி சுவத்துல நாரை படம் நான்தான் வரைஞ்சேன். ஒரு வாண்டு கேக்குது, 'டீச்சர், நீங்க நாரையப் பாத்திருக்கீங்களா'ன்னு." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இந்த வாட்டி நான் பை பாத்துக்கினு உக்கார மாட்டேன்ணா. எல்லா எடத்துலயும் ஏறணும். அதுக்கு ஒண்ணு தெச்சுக் குடுங்க."

பாறையில் ஏறுகிற காலுக்கு அவர் அதுவரை எதுவும் தைத்ததில்லை. தெரியாத தரைக்குச் செருப்பு தைப்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கிற மாதிரி. அதனால் கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, அம்மணியின் தம்பியுடைய ஆம்னி வேனில் மனைவியையும், கல்லூரியில் படிக்கிற மகள் கலையரசியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பக்கத்துக் கடைக்காரர்களிடம், "ஃபேமிலியோட டூர் போறேன்" என்று சொன்னார். அது பொய் இல்லை.

"கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷத்துல வேளாங்கண்ணியத் தவிர வேற ஊரு காட்டாத மனுஷன்" என்று அம்மணி தம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "இன்னிக்கு இன்னா ஆச்சோ."

இன்னா ஆச்சு என்பது கழுவெளியில் தெரிந்தது. பனி விலகியதும் தண்ணீர்ப் பரப்பு முழுக்க நாரைகள். மஞ்சள் மூக்கைச் சேற்றில் விட்டு அலசிக்கொண்டு நின்றன. தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கூட்டம். கலையரசி போனைத் தூக்கிக்கொண்டு கரையோரம் ஓடினாள். சவுரிராயன் குனிந்து, கரை மண்ணை விரலில் எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தார். களிமண். அடியில் ஆழமாகக் கோடு போட்டால் அதில் அப்பிக்கொண்டு கால் கனத்துவிடும்.

"இன்னாங்க, அங்க பாருங்க. ஒத்தக் கால்ல நிக்கிது" என்றாள் அம்மணி. "அதுக்கும் ஒரு அளவு எடுத்துக்கினு வந்துடுங்க."

திருவக்கரையில் மரங்கள் கல்லாகிப் படுத்துக் கிடந்தன. அவற்றைச் சுற்றித் தரையெங்கும் உருண்டைக் கூழாங்கற்கள். குதிகால் குறுகலாக இருந்தால் புரட்டிவிடும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு மரத்தின் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வெட்டுப்பட்ட முகத்தில் ரேகைகள் வளையம் வளையமாக, நேற்று அறுத்த மாதிரி தெரிந்தன. தோலிலும் இப்படித்தான், எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று ரேகை சொல்லும். இந்த மரம் கல்லான பிறகும் அதை மறக்கவில்லை.

"ரெண்டு கோடி வருஷம்னு போர்டுல போட்டுக்கிதுப்பா" என்றாள் கலையரசி.

"ரெண்டு கோடி வருஷம் காத்துக்கினு இருந்தாத்தான் உங்கப்பா ஒரு பொருளப் பாப்பாரு போல" என்றாள் அம்மணி.

தளவானூரில் பாறையைக் குடைந்த குகை. வாசலில் தூண்களும், தடி ஊன்றிய காவல் சிலைகளும். மகளும் மனைவியும் உள்ளே போனார்கள். சவுரிராயன் வெளியே பாறைச் சரிவில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மூன்று ரப்பர் துண்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் பாறையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஈரப் பாறையிலும் பார்த்தார். டயர் ரப்பர் வழுக்கியது. மெத்தென்ற க்ரேப் ரப்பர் பிடித்துக்கொண்டது.

"உள்ள வாங்கப்பா, ஜில்லுனு இருக்குது" என்று குகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ பாரும்மா, நான் வர்றேன்" என்றார். போகவில்லை.

"குடிக்கிற தண்ணியப் போய் பாறைக்கு ஊத்திக்கினு" என்று திரும்பி வந்த அம்மணி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். "பேஜாரு புடிச்ச டூருடா தம்பி இது."

அவருக்கு மனம் நிறைந்திருந்தது. மண், கூழாங்கல், பாறை மூன்றும் தெரிந்துவிட்டன. கடையில் பாதி முடிந்து கிடக்கிற செருப்பு அவர் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை. கணுக்காலை இறுக்குகிற தோல், உள்ளே கார்க், குதிகாலை அகலப்படுத்தி அடியில் க்ரேப் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. டீச்சர் ஆடு மாதிரி ஏறுவாள்.

பனமலைக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கீழே ஏரி, பக்கத்தில் நெல் வயல், குன்றின் உச்சியில் கோயில். படியில் பாதி தூரம் ஏறியிருப்பார். பகலெல்லாம் காய்ந்த கல் உள்ளங்காலில் சுட்டது. அவர் காலை மாற்றி வைத்தார். இன்னும் ஒரு படி. மறுபடி சுட்டது.

சவுரிராயன் நின்றுவிட்டார். குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்கால்.

படி தொடங்குகிற இடத்தில் பத்துப் பதினைந்து ஜோடிகள் கிடந்தன. அவற்றோடு தன்னுடையதையும் கழற்றிவிட்டு வந்திருந்தார். யாரும் சொல்லவில்லை, அவரும் யோசிக்கவில்லை. மாதா கோயிலானாலும் சிவன் கோயிலானாலும் வாசலைப் பார்த்ததும் கழன்றுவிடுகிற கால் அது. தளவானூரிலும் குகை வாசலில் அம்மணியுடைய செருப்பும் மகளுடையதும் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் ரப்பரைத் தேய்த்தார்.

ஒரு மாசமாகச் செருப்பையே நினைத்துக்கொண்டிருந்தவர், செருப்பைக் கழற்றுகிற இடத்தை நினைக்கவில்லை. எவ்வளவு நல்லதாகத் தைத்தாலும் டீச்சர் அதைக் குகை வாசலில் கழற்ற வேண்டும், இந்தப் படிக்குக் கீழே கழற்ற வேண்டும். கழற்றியதும் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கிவிடும். பிறகு வேன்தான், பைதான்.

"இன்னாங்க, மூச்சு வாங்குதா?" என்று மேலே இருந்து அம்மணி கேட்டாள். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் அம்மணி" என்றார்.

அவர் மேலே போகவில்லை. இறங்கி வந்து, படிக்குக் கீழே நிழலில் உட்கார்ந்திருந்த கோயில் காவல்காரரிடம் கேட்டார். "ஐயா, கால் குட்டையானவங்க துணியில தெச்ச உயரம் ஒண்ணு போட்டுக்கினு மேல வரலாமாங்களா?"

காவல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சித்திரை வெயில்ல சாக்ஸ் போட்டுக்கினுதான் பாதிப் பேரு வர்றாங்க. யாரு கேக்கிறா? தோல் மட்டும் கூடாதுங்க. ரோட்டுல நடந்ததும் கூடாது."

தோல் கூடாது. ரோட்டில் நடந்ததும் கூடாது. ஊர் வந்து சேரும்வரை சவுரிராயன் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வந்தார். தோல் இல்லாமல் அவர் ஒரு செருப்பும் செய்ததில்லை.

புதன்கிழமை, முடிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு அருணா வந்தாள். பிரித்துப் போட்ட செருப்பைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"முடியலயாண்ணா?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் மேம்பாலத்துத் தூணைப் பார்த்தாள். "எனக்கும் தோணலையே" என்றாள். "கோயிலுக்குள்ள போய் எத்தனை வருஷம் ஆச்சு. வாசல்லயே கும்புட்டுட்டு வந்துடுவேன். அதான் மறந்தே போச்சு." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "சரிண்ணா. மத்த ரெண்டு எடத்துலயாச்சும் எறங்குவேன்."

"டீச்சர், ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க வெறுங்கால்ல நடக்கிறத நான் பாக்கணும்."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளை உட்கார வைத்துத்தான் கால் அளந்திருக்கிறார். வெறுங்காலோடு நடப்பதை அவள் வீட்டாருக்குக்கூடக் காட்டுவதில்லை. குளியலறைக்குப் போனாலும் செருப்பு. அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்க வீட்டுல நடங்க டீச்சர்" என்றாள், சோற்றுத் தூக்கோடு வந்திருந்த அம்மணி. "எல்லாத்தயும் வெளிய தொரத்திட்டுக் கதவச் சாத்திடறேன். இவரு ஒருத்தருதான். இவரு மூஞ்சியப் பாக்க மாட்டாரு, தரையத்தான் பாப்பாரு. எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் அருணா சுவரோரமாக ஆறு முறை நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இடது கையைத் தொடையில் ஊன்றினாள். சவுரிராயன் தரையில் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்துப் பார்த்தார். பாதம் தரையைத் தொடும்போது வெளிப் பக்கம் சாய்ந்தது. செருப்புக்குள் இருந்தவரை தோல் அதை மறைத்துத் தாங்கியிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அவருக்குத் தெரியாத சாய்வு.

"போதும் டீச்சர்" என்று எழுந்தார். "உயரம் செருப்புல இருக்கக் கூடாது. உங்க காலோட இருக்கணும்."

பிறகு அவர் செய்தது இதுதான். கார்க்கை அடுக்கி, வெளிப் பக்கம் ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், கூட்டி, கெட்டிக் காடாத்துணியில் சுற்றித் தைத்தார். கணுக்காலுக்கு மேல் நாடா போட்டுக் கட்டுகிற மாதிரி காலுறைபோல ஒன்று. இது உள்செருப்பு. ஒன்றே முக்கால் அங்குலமும் இதற்குள்ளேயே இருந்தது. அதற்கு மேல் மாட்டிக்கொள்ள வெளிச்செருப்பு, இடது வலது இரண்டும் ஒரே கனம். ரோட்டைத் தொடுவது வெளிச்செருப்பு மட்டும். வாசல் வந்ததும் மற்றவர்கள் மாதிரி இரண்டு காலிலும் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் அதே உயரத்தோடு உள்ளே போகலாம்.

எழுதினால் இவ்வளவுதான். தைத்தபோது மூன்று வாட்டி தோற்றது. முதல் உள்செருப்பின் கணுக்கால் கட்டு நாலு அடி நடந்ததும் தளர்ந்தது. இரண்டாவது இறுக்கிப் பிடித்தது, ஆனால் துணி அடி ஈரக் கல்லில் சறுக்கியது. துணி துவைக்கிற கல்லில் தண்ணீர் ஊற்றி, அவரே காலில் கட்டிக்கொண்டு ஏறி விழுந்தார். "ஜல்தி எழுந்துருங்க, தெருவே பாக்குது" என்று தூக்கிவிட்டாள் அம்மணி. மூன்றாவதைத் தைத்துக்கொண்டிருந்தபோது அவள்தான் பரணிலிருந்து ஒரு சுருள் கட்டில் நாடாவை எடுத்துப் போட்டாள். "இது சொரசொரன்னு இருக்குது, இத வெச்சுப் பாருங்க." முரட்டுப் பருத்தி நாடா. அதை வரிசை வரிசையாக நெருக்கி அடியில் தைத்ததும் கல்லைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நாடாவின் கனத்தால் உயரம் ஒரு நூல் கூடிவிட்டது. விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அவர் பிரித்து, கார்க்கில் ஒரு நூலைத் தேய்த்துக் குறைத்து, மறுபடி தைத்தார்.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் அருணா வந்தாள். மறுநாள் வேன். பாலத்துக்குக் கீழே கடைகள் மூடிக் கிடந்தன. அவளுக்காக அவர் மட்டும் திறந்து வைத்திருந்தார்.

உள்செருப்பைக் கட்டி, வெளிச்செருப்பை மாட்டி, அவள் சாவிக்கடை வரைக்கும் போய் வந்தாள். பிறகு வெளிச்செருப்புகளைக் கழற்றிவிட்டு அவர் விரித்த சாக்கின் மேல் நடந்தாள். நாலாவது அடியில் தொடையில் ஊன்றியிருந்த கை தானாகவே கீழே இறங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

"வெளிப் பக்கம் அழுத்துதா?"

"இல்லண்ணா."

"எறங்கும்போது நிதானமா எறங்குங்க. ஏறுறத விட அதுதான் கஷ்டம்."

அவர் எல்லாவற்றையும் வாங்கி, கடைசியாக ஒரு தடவை நாடா முடிச்சை இழுத்துப் பார்த்தார். வெளிச்செருப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. உள்செருப்பை ஒரு வெள்ளைத் துணிப்பையில் தனியாக வைத்தார்.

"நீங்கதான் போய்ட்டு வந்தீங்களேண்ணா" என்றாள் அருணா. "பனமலை மேல எப்பிடி இருக்குது? ஏரி தெரியுமா?"

சவுரிராயன் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார்.

"நான் பாதிப் படியிலேயே எறங்கிட்டேன் டீச்சர். குகைக்குள்ளயும் போகல. நீங்க பாத்துக்கினு வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார்.