ஜவ்வாது டப்பி

மேக்கப் அறையில் ஜவ்வாது டப்பியைத் திறந்ததும் செஞ்சியின் மணிலாக்கொட்டை மண்டி மூக்கில் ஏறுகிறது. வேர்க்கடலைச் சாக்குத் தூசி, கோட்டைப் பாறையிலிருந்து அடிக்கிற அனல், நடுவே இந்த ஜவ்வாது. நைனா அங்கே மூட்டை தூக்கினார். அவர் பக்கத்தில் போனாலே மண்டி முதலாளி டப்பியைத் திறப்பார். ஒரு விரலில் எடுத்து மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டுதான் வாயைத் திறப்பார்.

"இன்னாடா? தள்ளி நின்னு சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் நைனா தேங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்துக் குளிப்பார். மறுநாளும் அந்த டப்பி திறக்கும்.

இந்த சீரியலில் நான் பண்ணையார். வசனம் கொஞ்சம்தான். அதனால் டப்பியை நானே கொண்டுவந்தேன். ஏழை எவன் எதிரே வந்தாலும் மூக்கில் தடவினேன். பார்க்கிற சனமெல்லாம் காறித் துப்புகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, முதலாளியின் மருமகள் கடைத்தெருவில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா இப்ப ஜவ்வாதே தொடறதில்ல சார். தொட்டா பேரப்புள்ளைங்க உங்க பேரச் சொல்லி சிரிக்குதுங்க. படுக்கைக்கு எதிர்லதான் டிவி இருக்குது. நீங்க வந்தா மூஞ்சத் திருப்பிக்கிறாரு."

டைரக்டர் உள்ளே வந்தார். "அடுத்த வாரம் பண்ணையார் திருந்திடறார் சார். எல்லார் கால்லயும் விழறீங்க."

நான் டப்பியை மூடவில்லை.

"செஞ்சியில ஒருத்தர் இன்னும் திருந்தல சார். அவர் கண்ண மூடற வரைக்கும் இவனையும் திருந்த விடாதீங்க."