ஆபரேட்டர் மிஸ்டேக்

ஒன்பது வயதில் எனக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. ஓர் அருவிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்த அருவி சித்தியின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்ததால், என் லட்சியத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சித்தி, அம்மாவின் தங்கை. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் லைன் வேலைக்குப் போய்வந்தாள். அங்கே ஒரு பீஸ் கெட்டுத் திரும்பி வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, காரணம் என்ற கட்டத்தில் ‘ஆபரேட்டர் மிஸ்டேக்’ என்று எழுதுவார்களாம். வேறு காரணம் எழுதி அவள் பார்த்ததே இல்லையாம். வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும், காற்றில் துணி பறந்துபோனாலும், சித்தி கையைத் தூக்கி, “ஆபரேட்டர் மிஸ்டேக்” என்பாள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

ஷிப்டு முடிந்து வந்தால் அவள் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்வாள். சென்னையில் ஓர் அனிமேஷன் கம்பெனி ஆள் எடுக்கிறது. சொந்தமாகச் செய்த ஒரு நிமிடப் படத்தைக் குறிப்பிட்ட ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சித்தி லைனை விட்டுப் போய்விடலாம்.

படத்தில் விடிகாலை ஏரி. ஏரிக்கரைமேல் கம்பெனி பஸ் ஒன்று விளக்கெரியப் போகும். ஜன்னல்களில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். தண்ணீருக்குள்ளும் ஒரு பஸ் தலைகீழாகப் போகும். அதிலும் அதே பெண்கள் தூங்குவார்கள். கரையோரப் புல்லிலிருந்து பதினோரு கொக்குகள் எழும்பும். எந்த பஸ் நிஜம் என்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். மேலே இருக்கிற பெண்களைக் கீழே இருக்கிறவர்கள் கனவு காண்கிறார்கள் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கோத்துப் படமாக்கச் சொன்னால், கம்ப்யூட்டருக்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டு கணக்குப் போட்டு, திரையைச் சின்னச் சின்னச் சதுரமாக நிரப்பிக்கொண்டு வரும். ஒரு சதுரம் வானம், ஒரு சதுரம் கொக்கின் சிறகு. பாதி ஏரி நிரம்பும்போது திரை கறுத்துவிடும். உள்ளே மின்விசிறி மட்டும் ஓவென்று கத்தும். திரும்பப் போட்டால் திரும்பக் கறுக்கும்.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டுபவர். எந்த வண்டிக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். “சூடாவுதும்மா. மூடிய கழட்டிக் காத்தாட வுடு” என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். கூடுதலாக ஐந்து நிமிடம் ஓடிவிட்டுத் திரை கறுத்தது. அந்த ஐந்து நிமிடத்துக்காக அப்பா இரண்டு நாள் பெருமைப்பட்டார்.

அம்மா ஒரு போன் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தாள். வரிசை வரிசையாக அடுக்கிய போன்களில் கனமான வீடியோக்களை மணிக்கணக்கில் ஓடவிட்டு, தாங்காமல் அணைந்துபோவதைப் பொறுக்கி எடுப்பதுதான் அவள் வேலை. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “வேற எதுலனா ஆஃப் ஆவுதா?”

“வேற எதுவும் நான் போட்றதே இல்லக்கா. என் சீன்லதான் இன்னாவோ தப்பு கீது. அளவு தெரியாம ஏத்திட்டேன்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பதில் என்னிடம் இருந்தது.

கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கியபோது அதோடு ஒரு கேமும் வந்திருந்தது. குதிரையில் ஒருத்தி பனிமலைகளைத் தாண்டிப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அம்மா வரும்வரை, மாடி அறையில் அந்தக் குதிரை என்னுடையது. பனி ஓசையில்லாமல் பெய்துகொண்டே இருக்கும். அருவி தூரத்தில் தெரியும். நெருங்க நெருங்கச் சாரல் வெள்ளையாகத் திரையை மூடும், மின்விசிறி கத்தும், எல்லாம் கறுத்துவிடும். ஒருநாள் தவறாமல் இப்படித்தான் ஆனது. அந்தக் கறுப்புதான் அருவிக்குப் பின்னால் இருக்கும் தேசம் என்று நம்பினேன். நான்தான் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன் என்றும் நம்பினேன். இரண்டு நம்பிக்கையும் சண்டை போடாமல் ஒரே தலைக்குள் இருந்தன.

சித்தி பாரத்தைக் குறைக்கத் தொடங்கினாள். முதலில் கரையோரப் புல் போனது. பிறகு தண்ணீரின் அலை. ஒருநாள் வந்து பார்த்தால் பஸ்ஸில் பெண்கள் இல்லை. காலி பஸ் விளக்கெரியப் போய்க்கொண்டிருந்தது. பிறகு கொக்குகள் ஒவ்வொன்றாக. அழித்ததும் பழையதன் மேலேயே சேமித்துவிடுவாள். சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பேன். ஆனால் கை ஒடிவதும் சின்ன விஷயமில்லையே.

அந்த ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, கடைசியாக ஒரு கொக்கு மிச்சமிருந்தது. சித்தி அதன்மேல் அம்புக்குறியை வைத்தாள். அது ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, நடப்பது எதுவும் தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வாணாம் சித்தி! கேம்லயும்தான் ஆஃப் ஆவுது!” என்று கத்திவிட்டேன். அழுகையும் கூடவே வந்துவிட்டது.

சித்தி என்னைத் திட்டவில்லை. மெதுவாகத் திரும்பினாள். “எதுல? இன்னொரு வாட்டி சொல்லு.” சொன்னேன். தினமும் ஆடியதையும், அருவியையும், கறுப்பையும். அவள், “அக்கா!” என்று போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு மாடிக்கு ஓடிவந்தாள்.

கரண்டி என் முதுகுக்குத்தான் என்று நினைத்தேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஆடு. நாங்க பாக்கணும்” என்றாள். பெரியவர்கள் பின்னால் நிற்க, அனுமதியோடு கேம் ஆடியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஒன்பதாவது நிமிடம், அருவியருகே கறுத்தது. அம்மா கார்டைக் கழற்றச் சொன்னாள். திரையின் கேபிளை, கார்டு இல்லாமலே படம் காட்டும் கம்ப்யூட்டரின் சொந்த இணைப்பில் செருகச் செய்து, மறுபடி என்னை உட்காரவைத்தாள். குதிரை இடுப்புப் பிடித்தவள் மாதிரி நகர்ந்தது. ஆனால் ஒரு மணி நேரம் ஆகியும் கறுக்கவில்லை. நான் அருவிக்குள் புகுந்து பின்பக்கம் போனேன். அங்கே வெறும் பாறைதான் இருந்தது.

“கார்டுதான்டி. லோடு தாங்கல. இது மெஷின் ஃபால்ட்டு. உன் சீன்ல ஒரு தப்பும் இல்ல” என்றாள் அம்மா. சித்தி தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கார்டு போய்விட்டதே என்று அழுகிறாள் போலும் என்று நினைத்து, நானும் சேர்ந்து அழுதேன்.

புதிது வாங்க வழியில்லை. அதே கார்டைத் திரும்பப் பொருத்தி, அதன் வேகத்தைப் பாதிக்குமேல் குறைத்து ஓடவிடச் சொன்னாள் அம்மா. சதுரங்கள் அவசரமே இல்லாமல் நிரம்பின. ஞாயிறு மாலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படம் போய்ச் சேர்ந்தது. காலி பஸ், அலையில்லாத ஏரி, ஒரு கொக்கு. மற்றதைத் திரும்பச் செய்ய நேரமில்லை. அந்த ஒற்றைக் கொக்கை வைத்த துணிச்சலைப் பாராட்டி, வேலைக்கு வரச்சொல்லி சென்னைக் கம்பெனியில் பதில் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு சித்தி என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன்.

படத்தை அனுப்பிய அந்த ஞாயிறு மாலையும் அவள் என்னை இழுத்து வைத்துக்கொண்டு, “நெஜமா கேம்லயும் ஆஃப் ஆச்சா?” என்று கேட்டாள். சென்னை வேலைக்குப் பெட்டியோடு பஸ் ஏறும்போது, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே மறுபடி கேட்டாள். கேஸ் இன்னும் முடியவில்லை என்று பயந்து, வல்லக்கோட்டை முருகன்மேல் சத்தியமாக ஆமாம் என்றேன். நான் வேலைக்குப் போய், என் பெயருக்கு நேராகவும் நாலு தப்பு எழுதப்பட்ட பிறகுதான் புரிந்தது. சித்தி என்னை நம்பாமல் கேட்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பக் கேட்க அவளுக்கு ஆசையாக இருந்திருக்கிறது.