மூடிய வாய்க்கு ஒரு வசனம்

டப்பிங் கூடத்தில் அவளுக்கு ‘அழுகை அக்கா’ என்று பெயர். இருபது வருடமாக யார் யாருடைய கண்ணீருக்கோ குரல் கொடுப்பவள். தேம்பலோ விசும்பலோ, ஒரே டேக்கில் முடித்துவிடுவாள். அன்று மட்டும் ஐந்து டேக் போயும் சரிவரவில்லை.

இதிகாசத் தொடர். அரங்கத்தில் வில்லோடு நிற்கும் இளைஞனிடம், “உன்னைப் பெற்றவள் யார்?” என்று கேட்கிறார்கள். அவன் தலைகுனிகிறான். மாடத்தில் அரசி. கல்யாணத்துக்கு முன் பெற்று, பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட பிள்ளை அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்காமல் மயங்கிச் சாய்கிறாள். அழுகை அக்கா தரவேண்டியது ஒரே ஒரு பெருமூச்சு.

அதுதான் வரவில்லை. கண் கடிகாரத்துக்கே ஓடியது. பன்னிரண்டு மணிக்கு அவளிடம் விடைபெற ஒருவன் வருவான். உலகத்துக்கு அவன் அவளுடைய அக்கா மகன். உண்மையில், பத்தொன்பது வயதில் கல்யாணமாகாமல் அவள் பெற்றவன். குழந்தையில்லாத அக்கா ஆஸ்பத்திரியிலிருந்தே தூக்கிப்போனாள். “செத்தாலும் சொல்லமாட்டேன்” என்று அன்று வாக்குக் கொடுத்தவள் இவள்தான். இன்று அவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். எப்போது திரும்புவானோ! சொல்வதா, விழுங்குவதா?

“ஏன் சார், இவ இப்பவே சொல்லியிருந்தா போரே வந்திருக்காதே?” என்றாள் மைக்கில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையில் கைவைத்தார். “இவ இப்பவே சொல்லிட்டா மிச்சம் எழுபது எபிசோடுக்கு நான் எங்கே போவேன் அக்கா? மூச்சை விடுங்க தாயே!”

“தன் மானம் போயிடும்னு பயந்தா. பிள்ளை மானம் போகுதே, அது தெரியலையா?”

“கதை எழுதினவரைக் கேளுங்க. போலாமா?”

சிவப்பு விளக்கு எரிந்தது. அரசியின் உதடுகள் துடித்தன, திறக்கவில்லை. அழுகை அக்காவின் அடிவயிற்றிலிருந்து குரல் வெடித்தது.

“அவன் என் பிள்ளை!”

“அக்கா!” ஒலிப்பதிவாளன் பதறினான். “மூடின வாய்க்கு வசனம் பேசிட்டீங்களே! நேத்து வந்தவங்ககூட இந்தத் தப்பு பண்ண மாட்டாங்க.”

“அஞ்சு நிமிஷம்ப்பா” என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடினாள். நடைவழியில், அவனோடு வந்திருந்த அவளுடைய அக்கா தனியாக நின்றிருந்தாள்.

“அக்கா, அவன்கிட்ட சொல்லப்போறேன். நீ திட்டினாலும் சரி, அடிச்சாலும் சரி.”

அக்கா அவளை நிதானமாகப் பார்த்தாள். “அவனோட பன்னெண்டு வயசுலயே நான் சொல்லிட்டேன்டி. யாரோ உளறினதைக் கேட்டு அழுதுகிட்டு வந்தான். எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. ‘சித்தி தானா சொல்லட்டும், நீயா கேக்காதே’ன்னேன். கேக்கவே இல்ல, அழுத்தக்காரன்.”

அவள் வாசலை நோக்கி நடந்தாள். ஒவ்வொரு லீவுக்கும் வந்து, “சித்தி, இன்னும் கொஞ்சம் சோறு” என்று தட்டை நீட்டினானே, தெரிந்தேவா நீட்டினான்?

வாசலில் கார் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான் அவன். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

“பதினஞ்சு வருஷமா கேக்காம இருக்கேன் சித்தி. ஏர்போர்ட் வரைக்கும் வாங்க. ஏன் குடுத்தீங்க, ஏன் சொல்லல, ரெண்டையும் வழியில சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

“அக்கா, அஞ்சு நிமிஷம் ஆச்சு!” இயக்குநர் படியிலிருந்து கத்தினார்.

“வேற யாரையாவது மூச்சு விடச் சொல்லுங்க சார்!”

அக்கா முன் சீட்டில் ஏறிக்கொள்ள, அவள் பின்னால் அவனருகே உட்கார்ந்தாள். கார் நகர்ந்தது. இரண்டு சிக்னல் தாண்டியது. அவள் கைக்குட்டையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

“நீ பிறந்தப்போ உன் முகத்தை நான் பாக்கல” என்றாள் கடைசியில். “பாத்தா குடுக்க முடியாதுன்னு பயந்துட்டேன்.”

அவன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.