என் பந்தைப் பிடித்தவர்

தொண்ணூறுகளில், சுவிஸின் சூக் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நாட்களில், நான் பேஸ்போல் விளையாடினேன் என்றால் எங்கள் ஆட்கள் இன்றும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிறிய கழகம், ஆள் பற்றாக்குறை. பந்தை எறிவதும் நான், மட்டை பிடிப்பதும் நான். எறிவதில் எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவனுக்கு மட்டைதான் மரியாதை.

அந்த மட்டை ஒரே ஓட்டத்தில் பறிபோனது. ஆட்டம் முடியும் தறுவாய். நான் ஓடிப்போய் முதல் பேஸ் என்கிற திண்டை எட்டினால் எங்கள் ஆள் ஒருவர் சுற்றை முடித்து ஒரு புள்ளி எடுத்துவிடுவார், ஆட்டம் சமநிலை. பந்தைத் தட்டிவிட்டு மட்டையும் கையுமாகப் பறந்தேன். கிட்டப் போனதும் ஊர்ப் பழக்கத்தில் மட்டையை நீட்டித் தரையிலிருந்த அந்த வெள்ளைத் திண்டைத் தொட்டுவிட்டு, பெரிய வீரன் மாதிரி நின்றேன். காலால் தொடவேண்டுமாம். மட்டை தொட்டால் கணக்கில்லை. தோற்றோம்.

இனி எறிவது மட்டும்தான் என் வேலை, எனக்குப் பதிலாக வேறொருவர் அடிப்பார் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அதுவும் சரிவராவிட்டால் அணியில் இடமில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அறைக்கு வந்து, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றேன். என்னோடு அறையிலும் சமையலறையிலும் இருந்த அண்ணை வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"மட்டையைத்தானே பறிச்சவங்கள்? பந்தைத் தந்திருக்கிறாங்கள் எல்லோ. நீ ஞாயிறு போ. உன்ர வேலையை நான் பாக்கிறன்."

அந்த மனிதர் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அணியில் என் பந்தைப் பிடிப்பவர் ஒரு தபால்காரர், சுவிஸ்காரர், என் வயதுதான். மத்தியானத்தோடு அவருக்கு வேலை முடியும். எனக்கு இரவுச் சமையல் தொடங்கும்வரை இடைவேளை. உணவகத்தின் பின்முற்றத்தில் அவர் குந்தியிருந்து கையுறையை நீட்டுவார், நான் எறிவேன். பந்து குப்பைத் தொட்டிக்கும் போகும், அவருடைய முழங்காலுக்கும் போகும். ஊரில் முழங்கையை மடித்து எறிந்தால் நோபோல் என்று கத்துவார்கள். இங்கே அதைத்தான் செய் என்கிறார்கள். கைக்கும் விளங்க வேண்டாமா? அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மெல்ல மெல்லப் பந்து கையுறைக்குள் போகத் தொடங்கியது.

எறிபவனாக மட்டும் இறங்கிய முதல் ஆட்டத்தில் வென்றோம். எதிரணியின் கடைசி ஆள் மட்டையைச் சுழற்றி வெறுங்காற்றை அடித்தபோது, நான் அடிப்பதைவிட இது இனித்தது. தபால்காரர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பிறகு அவர் கையுறையைக் கழற்றியபோதுதான் அந்த இடது கையைக் கண்டேன். உள்ளங்கை கன்றிக் கறுத்திருந்தது. விரல்கள் வீங்கி மடங்காமல் நின்றன. அந்தக் கையில்தான் கடிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு தினமும் வீடுவீடாகப் போயிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நீ மெதுவாக எறிவாய்" என்றார்.

நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த டொச் மொழி போதவில்லை. அந்தக் கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றேன்.